பதினான்காவது படி

பெரியம்மாவை அலுவலகத்தில் எல்லோரும் பேயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணும்னு சொல்வாங்க. எனக்கு மரம் கிடைக்கல, மூணாவது மாடி கிடைச்சுது" என்பாள்.

அந்த மூன்றாவது மாடி அறை, கலைக்களஞ்சியம் வெளியிடும் ஒரு நிறுவனத்துடையது. செடிகளுக்கு ஒரு தொகுதி, நோய்களுக்கு ஒரு தொகுதி, போர்களுக்கு ஒரு தொகுதி என்று மொத்தம் பன்னிரண்டு. ஏழாவது தொகுதி பேய்கள், ஆவிகள், யாரும் பார்க்காத விலங்குகள். அது பெரியம்மாவுடையது. இருபத்தைந்து வயதில் அதற்கு அட்டை எழுத உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சுவரோரம் இரும்பு இழுப்பறைகள். அவற்றில் விரல் அழுக்கேறிய அட்டைகள். வால் நுனியில் மனிதக் கை வைத்துக்கொண்டு குளிக்க வருபவரை உள்ளே இழுக்கும் நீர்விலங்கு. நூறு வயதானதும் ஒற்றைக் கண் திறந்து ஒற்றைக் காலில் குதிக்கும் குடை. கடல்நாய்த் தோலைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டுக் கரையேறும் பெண். தோலை எவனாவது ஒளித்துவைத்தால் அவனுக்கே மனைவியாகிப் பிள்ளையும் பெற்று, தோல் கைக்குக் கிடைத்த அன்று திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடுகிறவள். சின்ன வயதில் பள்ளி விடுமுறைகளில் அம்மா என்னை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். அந்த அட்டைகளைப் படித்துத்தான் எனக்கு ஊர் சுற்றும் புத்தி வந்தது என்று அம்மா இன்றைக்கும் தன் அக்காவைத் திட்டுகிறாள்.

பெரியம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரு பேய் புத்தகத்துக்குள் வர வேண்டுமானால் மூன்று வெவ்வேறு இடங்களில் அது பதிவாகியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் எழுதிவைத்த பேய், எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழ் இழுப்பறைக்குப் போகும். "ஒத்தச் சாட்சிய நம்பினா, குடிச்சவன் பார்த்ததெல்லாம் அச்சேறிடும்" என்பாள். இந்தக் கறாருக்காகவே, எல்லோரும் பெரியவர் என்று கூப்பிட்ட பழைய தலைமை ஆசிரியர் அவளைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் இரண்டு பதிப்பிலும் முதல் பக்கத்தில் அச்சானது 'ஆசிரியர் குழு' என்பதுதான். மூன்றாம் பதிப்பில் உன் பெயர் வரும் என்று சாவதற்கு முந்தைய மாதம் அவர் சொல்லியிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் பெரியம்மா எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியை.

கப்பல் சமையலறை, பழத்தோட்டம், விடுதி வரவேற்பறை என்று ஆறு வருடம் கிடைத்த வேலையைச் செய்து அலைந்துவிட்டு நான் திரும்பியபோது நிலைமை இதுதான். அவள் வீடு ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே. பக்கச் சந்தில் மரப்படி. பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி, உலகம் தீர்ந்துபோச்சா?"

"கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன் பெரியம்மா."

"கால் கழுவிட்டு வா. உன்கிட்ட ஒரு வேலை இருக்கு."

தட்டு வைத்து உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள். "அந்தத் தீவுல இருந்து ஒரு கார்டு போட்டியே. அந்த ஆளு என்ன சொன்னார், வார்த்தை மாறாம சொல்லு."

மூன்று வருடத்துக்கு முன் வடகடல் தீவு ஒன்றில் வேலை பார்த்தபோது நான் எழுதிய அஞ்சலட்டை அது. 'பெரியம்மா, உங்கள் ஓருமாவை இங்கே எல்லோருக்கும் தெரிகிறது! விடுதிக்காரர் தன் தாத்தா சொன்ன கதை என்கிறார். கடையில் பொம்மைகூட விற்கிறார்கள்.' ஓருமா ஏழாம் தொகுதியில் வருகிற ஒரு சின்ன ஆவி. அந்தப் பதிவு எனக்கு எட்டு வயதிலேயே மனப்பாடம்:

'ஓருமா: வடகடல் தீவுகளின் வீட்டு ஆவி. வீட்டைவிட்டுப் போனவர் விட்டுச்சென்ற காலணிகளை அணிந்து அந்தி நேரத்தில் படியேறி வரும். பதின்மூன்று படி ஏறும். பதினான்காவதில் கால் வைக்காது. கதவைத் திறந்தால் படியில் எவரும் இருக்கமாட்டார். உள்ளே இருப்பவர் இன்னும் எழுந்து வருகிறாரா என்று பார்ப்பதற்கே அது வருகிறது.'

"ஏன், அந்தக் கார்டுக்கு என்ன?" என்றேன்.

"ஓருமான்னு ஒண்ணு எங்கயும் கிடையாதுடி. அது நான் உக்காந்து எழுதின பொய்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் விளக்கினாள். கலைக்களஞ்சியம் போடுகிறவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பொய்ப் பதிவு வைப்பார்களாம். செடித் தொகுதியில் இல்லாத ஒரு பூ, போர்த் தொகுதியில் நடக்காத ஒரு சண்டை. அதற்குக் கண்ணி என்று பெயர். வேறொருவர் புத்தகத்தில் அந்தப் பூ பூத்தால், அவர் நம் தோட்டத்தில் கைவைத்தார் என்று அர்த்தம். எது கண்ணி என்பது எழுதியவருக்கும் தலைமை ஆசிரியருக்கும் மட்டுமே தெரியும். அவர் ஒரு தாளில் குறித்து, உறையிலிட்டு அரக்கு வைத்துப் பெட்டியில் பூட்டிவிடுவார்.

"மத்த தொகுதிய விடு. பேய்த் தொகுதிக்கு இது இல்லாம முடியாது. பேய்க்கதை ஊருக்கெல்லாம் பொது. உண்மைக்கு யாரும் சொந்தக்காரர் இல்ல, பொய்க்குத்தான் உண்டுன்னு பெரியவர் சொல்வார்."

இப்போது அந்தப் பொய்க்குச் சொந்தக்காரி தான்தான் என்று அவள் நிரூபிக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்த ஆசிரியர் மூன்றாம் பதிப்பை நிறுத்திவிட்டார். வெளிநாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்று வண்ணப் படங்களோடு போட்டிருக்கும் பேய்ப் புத்தகத்தை மொழிபெயர்த்து வெளியிடப் போகிறார். பெரியம்மா அந்தப் புத்தகத்தை ஒரு வாரம் வைத்துப் படித்தாள். பதிவுக்குப் பதிவு அவளுடையது. நம் மொழி தெரிந்த யாரையோ பக்கத்தில் உட்காரவைத்து எழுதியிருக்கிறார்கள். ஓருமாவும் இருந்தது, கடைசி வரி மட்டும் மாறி. புது ஆசிரியரிடம் சொன்னதற்கு, "ரெண்டு பேரு ஒரே பேயைப் பத்தி எழுதினா ஒரே மாதிரிதானே மேடம் இருக்கும்?" என்றாராம். எதைக் கொண்டுபோனாலும் 'சுருக்கமா சொல்லுங்க' என்பதால் அவருக்குச் சுருக்கர் என்று பெயர் வந்துவிட்டது.

"வியாழக்கிழமை உறையைப் பிரிக்கறாங்க. நீயும் வா. அந்தக் கார்டு என் மேசைக்கு மேல சுவத்துல ஒட்டியிருக்கு. யாராவது கேட்டா, எழுதினவ நீதானே, நீயே சொல்லு."

"ஒட்டி வெச்சீங்களா?"

"நான் பெத்தது கடல் தாண்டிப் போய் வாழுதுன்னு எழுதியிருந்த. ஒட்டாம?"

பதின்மூன்று படி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். பெரியப்பா என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போனவர். அவருடைய பழுப்பு ஷூ ஒரு ஜோடி கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஐந்து வயதில் அதைக் கால்களில் மாட்டிக்கொண்டு டக் டக் என்று நடந்ததற்குப் பெரியம்மா என்னை அறைந்தாள். முதலும் கடைசியுமாக.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சுருக்கரின் அறையில் நாங்கள் நான்கு பேர். நான்காவது ஆளுக்கு அலுவலகத்தில் அங்குலம் என்று பெயர். பக்கங்களை வடிவமைப்பவர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எஃகு அளவுகோல் இருக்கும். பெரியம்மா சேர்ந்த அதே மாதம் சேர்ந்தவர். பேயம்மா என்று பெயர் வைத்தவரே அவர்தான். முப்பத்து மூன்று வருடமாக மாலை டீயை இருவரும் ஜன்னலோரம் நின்றுதான் குடித்தார்கள். புது வண்ணப் புத்தகத்தின் பக்கங்களைச் சுருக்கர் ஏற்கனவே அவர் மேசைக்கு அனுப்பியிருந்தார். அது அன்று காலைதான் பெரியம்மாவுக்குத் தெரிய வந்தது.

சுருக்கர் அரக்கைக் கத்தியால் நீக்கித் தாளை எடுத்தார். பெரியவர் மகா எச்சரிக்கைக்காரர். தாள் திருடன் கையில் கிடைத்தாலும் பெயர் தெரியக்கூடாது என்று இடத்தை மட்டும் குறித்திருந்தார். "ஏழாம் தொகுதி. பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. இடது பத்தி, இரண்டாவது பதிவு" என்று படித்த சுருக்கர், புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"குளியல்வீட்டுக் கிழவன். வெந்நீர்க் குளியல் அறையில் வாழும் ஆவி. வீட்டார் மூன்று முறை குளித்தபின் நான்காம் முறைக்கான நீர் அதற்குரியது. வருங்காலம் அறிய விரும்புவோர் வெற்று முதுகைக் கதவுப் பக்கம் காட்டி நிற்பர். மெல்லத் தடவினால் நல்லது நடக்கும், நகத்தால் கீறினால் கெட்டது நடக்கும்." அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுதான் உங்க கண்ணியா மேடம்? முதுகு தடவுற பேயா?"

பெரியம்மா எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். "அது இல்ல சார். அது உண்மை."

"முதுகு தடவுறது உண்மை?"

"அப்படி நம்பினாங்கங்கறது உண்மை."

அவர் கைப்பேசியில் தேடினார். "ஆமா, நூறு வருஷப் பழைய புத்தகத்துலயே இருக்கு. அவங்களும் உங்ககிட்ட இருந்துதான் திருடினாங்களா?"

பெரியம்மா எழுந்து, அவர் கையிலிருந்த புத்தகத்தில் ஒரே ஒரு தாளைத் திருப்பினாள். பக்கம் இருநூற்றுப் பதினான்கு. இடது பத்தி, இரண்டாவது பதிவு. ஓருமா.

"சரியா ரெண்டு பக்கம் தள்ளிப்போயிருக்கு, சார். பெரியவர் அச்சுக்கு முந்தின மெய்ப்பைப் பார்த்துக் குறிச்சுட்டார். அதுக்கப்புறம் கடல்நாய்ப் பொண்ணு படம் ஒரு மூலையில இருந்தத இவர் ரெண்டு பக்கத்துக்கு விரிச்சார். அவ தலைமுடிய வெட்ட மனசு வரலன்னு சொன்னார். கேளுங்க."

சுருக்கர் அங்குலத்தைப் பார்த்தார். அங்குலம் பையிலிருந்து அளவுகோலை எடுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் ஆச்சு சார். எத்தனையோ படம். ஞாபகமில்ல."

"உங்களுக்கா?" என்றாள் பெரியம்மா. "கால் அங்குலம் நகர்த்தச் சொன்னேன்னு ஒரு மாசம் என்னோட பேசாம இருந்தீங்க. அது ஞாபகம் இருக்கா?"

"இருந்திருக்கலாம்மா. உறுதியாச் சொல்ல முடியல."

மேசைமேல் இருந்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. பழைய மெய்ப்புத் தாள்களை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டு இருபது வருடம் ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா உட்காரவில்லை. நின்றபடியே பேச ஆரம்பித்தாள். தன் வாழ்க்கையை அல்ல, ஓர் அட்டையைப் படிப்பவள் போல.

"என் வீட்டுப் படி பதினாலு. வேணும்னா ஆளனுப்பி எண்ணிப் பாருங்க. என் வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வரும்போது பதிமூணாவது படியில நின்னு பையில சாவி தேடுவார். தினமும். ஒருநாள் போனவர் வரல. வேற ஊர்ல வேற குடும்பமா இருக்கார்னு எட்டு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் ஒரு வருஷம் சாயங்காலம் ஆறு மணிக்குப் படியில சத்தம் கேட்கும். எண்ணுவேன். பதிமூணு வரும். பதினாலு வராது. எந்திரிச்சுப் போய்த் திறப்பேன். அந்த வருஷம்தான் பெரியவர் ஒரு பொய் எழுதச் சொன்னார். எனக்கு வேற பொய் தெரியல சார்."

அங்குலம் தலை நிமிரவில்லை. முப்பத்து மூன்று வருடம் பக்கத்தில் நின்று டீ குடித்தவருக்கும் இது புதிது என்று நினைக்கிறேன்.

சுருக்கர் கெட்டவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "கஷ்டமா இருக்கு மேடம். நிஜமாவே. ஆனா இது ஆதாரம் இல்லையே." ஃபைலைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். கடலும் பாறையும் போட்ட என் அஞ்சலட்டை. நாலு மூலையிலும் பசை காய்ந்திருந்தது. "இது உங்க சுவத்துல இருந்துச்சு. தாத்தா காலத்துக் கதைன்னு அந்த ஊர் ஆளே சொல்லியிருக்கார். நம்ம புத்தகம் ஒண்ணு, அவங்க புத்தகம் ஒண்ணு, இந்தக் கார்டு ஒண்ணு. உங்க சட்டப்படியே மூணு சாட்சி ஆச்சே?"

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எனக்கு இது நினைவிருப்பதே அதனால்தான்.

நான் எழுந்தேன். அந்தத் தீவில் ஒரு வீட்டிலும் மாடி இல்லை என்று சொன்னேன். காற்றுக்குப் பயந்து எல்லா வீடுகளையும் தரையோடு தரையாகக் கட்டியிருப்பார்கள். மொத்த ஊரிலும் வாசலுக்கு ஒரு படிக்கல், அவ்வளவுதான். படியே இல்லாத ஊரில் பதினான்காவது படி எங்கிருந்து வரும்? இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இன்னொன்றையும் சொன்னேன். ஓருமா கதையை விடுதிக்காரர் எனக்குச் சொல்லவில்லை. நான்தான் முதலில், இங்கே ஓருமா உண்டாமே என்று கேட்டேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, உண்டே, என் தாத்தா சொல்வார் என்றார். முந்தைய வாரம் அதே வண்ணப் புத்தகத்தோடு வந்த வேறொரு பயணியும் கேட்டிருப்பார். கேட்கிறவருக்கு இல்லையென்று சொல்லாத ஊர் அது.

"அந்தக் காலத்துல மாடி இருந்திருக்கலாம்" என்றார் சுருக்கர்.

"இல்ல சார்."

"நீங்க அவங்க சொந்தக்காரப் பொண்ணு. இப்படித்தானே சொல்லுவீங்க?" கடிகாரத்தைப் பார்த்தார். "சுருக்கமா முடிச்சுக்கலாம்."

முடிந்தது. மொழிபெயர்ப்பு என்று தீர்மானமாயிற்று. ஆவிகளைப் பற்றி அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரியாததால் வேலையைப் பெரியம்மாவுக்கே கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று வெளிநாட்டு ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆக, முப்பத்து மூன்று வருடம் கழித்து அவள் பெயர் அச்சேறப் போகிறது, தான் எழுதிய புத்தகத்தைப் பெயர்த்தவள் என்று. மறுத்துவிடுங்கள் என்று நான் சண்டை போட்டேன்.

"மறுத்தா வேற யாராவது பண்ணுவாங்க. குடைக்கு ரெண்டு கால் வெச்சுடுவாங்க" என்றாள்.

மாலை டீயைத் தன் மேசையிலேயே குடிக்க ஆரம்பித்தாள். அங்குலம் சில நாள் ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார் என்று கேள்வி.

நான் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். பெரியம்மா சாப்பாட்டு மேசையில் வண்ணப் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஓருமா வரை வந்திருந்தாள். படத்தில் அது கம்பளித் தொப்பி போட்ட, சிரித்த முகமுள்ள குட்டி ஆளாக இருந்தது. அதன் காலில், பெரியம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருப்பதைவிடப் புதிய ஷூ.

"கடைசி வரியக் கேளு" என்று பெயர்த்ததைப் படித்தாள். "'உள்ளே இருப்பவருக்கு ஆறுதல் சொல்வதற்கே அது வருகிறது.'" மூக்கால் சிரித்தாள். "ஆறுதலாம்."

"பழைய வரியையே எழுதிடுங்க பெரியம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் இதுல மொழிபெயர்ப்பாளர். இருக்கறதத்தான் எழுதணும்."

அப்போது கீழே படியில் காலடி கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறும் வயதான காலடி. பெரியம்மாவின் பேனா நின்றது. உதடு அசைவதைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள். நானும் எண்ணினேன். மேலே வந்து காலடி நின்றுவிட்டது. மூச்சு வாங்கும் சத்தம். ஏதோ உலோகத்தைச் சுவரில் லேசாகத் தட்டும் சத்தம், யோசிக்கும்போது அளவுகோலை எதிலாவது தட்டிக்கொண்டிருப்பவரைப் போல.

நான் கதவை நோக்கி எழுந்தேன்.

"உக்காரு."

"அங்குலம்தான் பெரியம்மா. ஏதோ சொல்லத்தான் வந்திருப்பார்."

"தெரியும். அங்க சொல்ல வேண்டியத இங்க வந்து சொல்லுவார். ஞாபகம் வந்துடுச்சும்பார். கேட்டுட்டு நான் பரவாயில்லன்னு சொல்லணும்." பேனாவின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினாள். "நான் எந்திரிக்கிறேனான்னு பார்க்க ஒரு வருஷம் ஒருத்தர் வந்தாச்சு. போதும்."

கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் அசையாமல் இருந்தோம். வெளியே அவரும் அசையவில்லை. பிறகு காலடி இறங்கத் தொடங்கியது, ஏறியதைவிட மெதுவாக. சந்தில் சைக்கிள் ஒன்றின் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது.

பெரியம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கடைசி வரியைச் சுத்தமாக எழுதினாள். ஆறுதல் என்றே எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அடுத்த பதிவு என்ன என்று பக்கத்தைத் திருப்பினாள்.